மைல் கல்லும் முந்திரியும்

பின்னம் சொல்லிக் கொடுக்கும் உபாத்தியாயர்களுக்கு ஒரு தீராத தலைவலி உண்டு. எட்டில் ஒன்று பெரிதா, நாலில் ஒன்று பெரிதா என்று கேட்டால், எட்டு நாலைவிடப் பெரிதல்லவா என்று பிள்ளை எட்டைக் காட்டும். இதற்கு மருந்தாகத்தான் கரும்பலகையில் எண்கோடு போடுகிறார்கள். பூஜ்யம் ஓரிடம், ஒன்று ஓரிடம். அரையும் காலும் நடுவில் எங்கே உட்காருகின்றன என்று விரல் வைத்துக் காட்ட வேண்டும். நல்ல உபாயந்தான். ஆனால் எங்கள் பக்கத்து ஜனங்கள் அந்தக் கோட்டைக் கரும்பலகையில் பார்த்ததில்லை. காலால் நடந்து பார்த்தவர்கள். வெள்ளகோவிலிலிருந்து கரூருக்குப் போகிற சாலைதான் அந்தக் கோடு.

மைல் கணக்கு இருந்த நாளில் மைலுக்கு ஒரு பெரிய கல். அது முழு எண். இரண்டு பெரிய கற்களுக்கு நடுவே ஏழு சின்னக் கற்கள். பர்லாங் கல் என்பார்கள். எட்டுப் பர்லாங் ஒரு மைல். ஆகவே முதல் கல் அரைக்கால், இரண்டாவது கால், மூன்றாவது காலே அரைக்கால், நாலாவது அரை. இப்படியே போய் ஏழாவது கல் முக்காலே அரைக்கால்.

எங்கள் அப்பாருக்கு எழுத்து வாசனை கிடையாது. ஒரு சமயம் சாலைக்குக் கப்பி அடிக்கும் வேலையை ஏற்றுக்கொண்டு, மைல் கல்லிலிருந்து மூன்றாவது பர்லாங் கல் வரைக்கும் வண்டியோட்டிக் கொட்டியிருக்கிறார். கூலி வாங்கப் போனபோது காண்டிராக்டர் நோட்டைப் பார்த்து, "அரைக்கால் மைல்" என்றாராம்.

"காலே அரைக்காலுங்க" என்றார் அப்பாரு.

"காலோ அரைக்காலோ, எழுதியிருக்கிறது இதுதான்."

"அப்படீன்னா வாங்க, ஒரு நடை நடந்து பாத்துப்போடலாமுங்க."

முதல் கல்லில் நின்று, இது அரைக்கால் என்றார். கப்பி அதைத் தாண்டிக் கிடந்தது. அடுத்த கல் கால். அதையும் தாண்டிக் கிடந்தது. மூன்றாவது கல்லுக்குப் போவதற்குள் காண்டிராக்டருக்கு வேர்த்துவிட்டது. மூன்றில் ஒரு பங்கு தந்து அனுப்ப இருந்தவர் முழுக் கூலியையும் எண்ணிக் கொடுத்தார். அடுத்த வேலைக்கு அப்பாருவைக் கூப்பிடவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

1685இல் இங்கிலாந்தில் ஜான் வாலிஸ் என்ற கணித மேதை செய்ததும் ஏறக்குறைய இதுதான். பூஜ்யத்துக்குக் குறைந்த எண் உண்டா என்று பண்டிதர்கள் தலையைப் பிய்த்துக்கொண்ட காலம் அது. ஒருவன் ஐந்து கஜம் முன்னே போய் எட்டுக் கஜம் பின்னே வந்தால் எங்கே நிற்பான்? புறப்பட்ட இடத்துக்கு மூன்று கஜம் பின்னால். தம் அல்ஜீப்ரா நூலில் அவர் ஓர் ஆளை இப்படிக் கோட்டில் நடக்கவிட்டே விஷயத்தை விளக்கினார்.

எனக்கு ரொம்பவும் ருசிக்கிற சங்கதி வேறொன்று. நம்முடைய எண்சுவடியில் 320இல் ஒன்று முந்திரி; 160இல் ஒன்று அரைக்காணி; 80இல் ஒன்று காணி; 20இல் ஒன்று மா. எட்மண்ட் குண்டர் என்பவர் 1620இல் நில அளவைக்கென்று 66 அடிச் சங்கிலி ஒன்றை வகுத்தார். ஒரு மைலுக்கு எத்தனை சங்கிலி? சரியாக எண்பது. அதாவது மைலில் ஒரு காணி. அதில் கால்வாசியான பதினாறரை அடிக் கோல் மைலில் ஒரு முந்திரி. நாலு சங்கிலி ஒரு மா. மாவும் காணியும் சேர்ந்தால் ஐந்து சங்கிலி, அரைப் பர்லாங், 16இல் ஒன்று. அதன் பெயரே மாகாணி! முந்திரியிலும் முந்திரியான கீழ்முந்திரி, மைலில் ஒரு சுண்டுவிரல் அகலந்தான் தேறும்.

உடனே அவர்கள் நம்மிடம் கற்றார்கள் என்று யாரும் மேடை ஏற வேண்டாம். பாதி, பாதியில் பாதி என்று பிளந்துகொண்டே போய், நடுவில் ஓர் ஐந்தையும் சேர்த்துக்கொண்டால் எந்த ஊர்க்காரனும் 80, 160, 320 என்றுதான் வந்து நிற்பான்.

திண்ணைப் பள்ளிக்கூடத்தில் இந்த வாய்ப்பாடுகளை ராகம் போட்டுச் சொன்னார்கள். ஆனால் எல்லார் வீட்டுப் பிள்ளைக்கும் அந்தத் திண்ணையில் இடமில்லை. படித்தவன் படிக்காதவனை ஏமாற்ற ஒரு முந்திரி போதும். அப்பாருவுக்குச் சாலை ஓரத்துக் கல் துணை நின்றது. கல் இல்லாத காட்டில் யார் துணை நின்றிருப்பார்கள்?

1957 ஏப்ரல் முதல் தேதி நயாபைசா வந்தது. ரூபாயில் மாகாணியாக இருந்த அணா மெல்ல மறைந்தது. பிறகு மைலும் போய்க் கிலோமீட்டர் வந்தது. பர்லாங் கல்லுக்குப் பதில் 200 மீட்டருக்கு ஒரு கல்; மேலே 2, 4, 6, 8 என்று தசாம்ச இலக்கம். பர்லாங் என்பது 201 மீட்டர். நடக்கிறவன் காலுக்கு வித்தியாசம் தெரியாது. கிலோமீட்டரில் ஐந்தில் ஒன்றுக்கும் எண்சுவடியில் பெயர் இருக்கிறது: நாலுமா.

போன தடவை ஊருக்குப் போனபோது, '6' என்று எழுதிய கல்லின் மேல் உட்கார்ந்து ஒரு பையன் ஆடு மேய்த்துக்கொண்டிருந்தான். அது என்ன ஆறு என்றேன்.

"ஆறு கிலோமீட்டருங்க."

"எங்கிருந்து?"

யோசித்தான். இரண்டு பேருமாக நடந்தோம். எட்டு வந்தது. பத்தை எதிர்பார்த்து ஓடினவன், தலை மஞ்சளாக நின்ற பெரிய கல்லைக் கண்டதும் திரும்பிப் பார்த்தான்.

"அப்ப அது ஒண்ணு கூட முழுசா ஆகலீங்களா?" என்றான்.