உசாத்துணைச் சேவையும் தகவல் அறிதிறனும்

கல்லூரி, பல்கலைக்கழக நூலகங்களில் வாசகர் கொண்டுவரும் கேள்விக்கு விடை தேட நூலகர் உடனிருந்து உதவுவது உசாத்துணைச் சேவை. தனக்கு எந்தத் தகவல் தேவை என்று உணர்ந்து, அதைத் தேடி எடுத்து, தரம் பார்த்து, நேர்மையாகப் பயன்படுத்தும் திறன் தகவல் அறிதிறன். முதலாவது மேசையில் நடப்பது, இரண்டாவது வகுப்பில் கற்பிப்பது என்று பல நூலகங்கள் இவற்றைத் தனித்தனி வேலைகளாகப் பிரித்துவைத்திருக்கின்றன. இந்தப் பிரிவினை இரண்டையும் பலவீனப்படுத்துகிறது. சேவையின் பெயரிலேயே உள்ள உசாவுதல் என்ற சொல்லுக்குக் கேட்பது, கலந்து ஆராய்வது என இரு பொருளும் உண்டு. பழந்தமிழில் உசாத்துணை என்பது மனம்விட்டுக் கலந்துபேச வாய்த்த துணையைக் குறித்தது. 1876இல் அமெரிக்காவின் வூஸ்டர் நகர நூலகர் சாமுவேல் கிரீன், நூலகர் வாசகரோடு நேரடியாகப் பழகி உதவ வேண்டும் என்று ஒரு கட்டுரையில் வாதிட்டபோது அவர் கேட்டதும் ஏறக்குறைய இத்தகைய துணையைத்தான். உசாத்துணைச் சேவையின் வரலாற்றை அந்தக் கட்டுரையிலிருந்தே தொடங்குவது வழக்கம்.

இந்தத் துணை ஏன் தேவை என்பதை 1968இல் ராபர்ட் டெய்லர் தெளிவாக்கினார். தகவல் தேவை நான்கு நிலைகளைக் கடந்து வருகிறது என்றார் அவர்: சொல்லில் அடங்காத உள்ளுணர்வு, மனத்தில் மங்கலாக உருப்பெறும் எண்ணம், ஒழுங்குபட்ட கேள்வி, கடைசியாக நூலகத்தில் கிடைக்கும் என்று நினைப்பதற்கேற்ப வளைத்துச் சுருக்கிய கேள்வி. மேசைக்கு வந்து சேர்வது பெரும்பாலும் இந்தக் கடைசி வடிவம்தான். "சுற்றுச்சூழல் பற்றிப் புத்தகம் இருக்கிறதா?" என்று கேட்கும் மாணவருக்கு வேண்டியது, தோல் பதனிடும் தொழிற்சாலைக் கழிவு பாலாற்றங்கரைக் கிணறுகளை என்ன செய்தது என்ற ஆய்வாக இருக்கலாம். எந்த ஊர், எந்தக் காலம், எதற்காக என்று நூலகர் கேட்கக் கேட்க, பரந்த தலைப்பு ஆராயத்தக்க கேள்வியாகச் சுருங்குகிறது. அந்தச் சுருக்கத்தைச் செய்துமுடிப்பவர் மாணவரே. தகவல் அறிதிறனின் முதல் பாடம் அங்கேயே நடந்துவிடுகிறது.

1924இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் நூலகரான எஸ். ஆர். ரங்கநாதன் உசாத்துணைக்கும் கற்பித்தலுக்கும் உள்ள இந்த ஒருமையை முன்பே கண்டிருந்தார். உடனடி விடைக்கான உசாத்துணையையும் நீண்ட தேடலுக்கான உசாத்துணையையும் அவர் வேறுபடுத்தினார். ஆனால் புதிய வாசகருக்கு நூலகத்தைப் பழக்குவதையும் அதே சேவையின் பகுதியாகவே எண்ணினார். 'தகவல் அறிதிறன்' என்ற பெயர் 1974இல் பால் சர்க்கோவ்ஸ்கி சூட்டியது. 1989இல் அமெரிக்க நூலகச் சங்கத்தின் குழு அதற்கு வரையறை தந்தது. 2000இல் உயர்கல்விக்கான தகவல் அறிதிறன் தரநிலைகள் வந்தன. அறிதிறனை அளக்கக்கூடிய திறன்களாகப் பட்டியலிட்ட அந்தத் தரநிலைகளின் இடத்தை, 2015இல் உருவான சட்டகம் பிடித்தது. அதன் ஆறு கருத்துகளில் ஆராய்ச்சி என்பது விசாரணை, புலமை என்பது உரையாடல் என்பவையும் உண்டு. பட்டியலிலிருந்து உரையாடலுக்கு வந்த இந்த நகர்வு, கற்பித்தலை உசாத்துணை மேசையின் பக்கம் திருப்பியது என்றே சொல்லலாம்.

உசாத்துணையும் கற்பித்தலும் ஒன்று என்பதை மறுப்பவர்களின் முதல் வாதம் எண்ணிக்கை பற்றியது. ஆயிரக்கணக்கான மாணவரோடு ஒவ்வொருவராகப் பேச முடியாது, ஆகவே ஆண்டுத் தொடக்கத்தில் ஒரு மணி நேர அறிமுக வகுப்பு போதும் என்பார்கள். எண்ணிக்கைச் சிக்கல் உண்மையானது. ஆனால் கையில் கேள்வி இல்லாத மாணவருக்கு அந்த வகுப்பு ஒட்டாது. அதற்கு மாற்று வழி உண்டு: 1960களின் தொடக்கத்தில் டெட்ராய்ட்டின் மான்டீத் கல்லூரியில் பட்ரிசியா நாப் நடத்திய சோதனை நூலகப் பயிற்சியைப் பாடத்தின் பயிற்சி வேலைகளுக்குள்ளேயே வைத்தது; இண்டியானாவின் எர்லம் கல்லூரியில் இவான் ஃபார்பர் அதே வழியைப் பல ஆண்டுகள் நிலைநிறுத்தினார். நாப் சந்தித்த பெரிய தடை ஆசிரியர்களின் ஒத்துழைப்பின்மை. இன்றும் அது தீரவில்லை என்பதுதான் எனக்குக் கவலை தருவது. இரண்டாவது வாதம், விடையை எடுத்துக்கொடுத்தால் மாணவர் சோம்பிவிடுவார் என்பது. ஒரு நிறுவனத்தின் தொலைபேசி எண்ணைக் கேட்பவருக்கு எண்ணைக் கொடுத்தால் போதும். ஆய்வேடு எழுதுபவருக்குத் தேடலை உரக்கச் சொல்லிக்கொண்டே செய்து காட்ட வேண்டும். எது எப்போது என்று பிரித்தறிவதே நூலகரின் தொழில்திறன்.

மூன்றாவது வாதம் கனமானது: தேடுபொறியும் செயற்கை நுண்ணறிவும் வந்தபின் மேசை எதற்கு? அமெரிக்க ஆய்வு நூலகங்களில் மேசைக்கு வரும் கேள்விகள் 1990களுக்குப் பின் பெரிதும் குறைந்தது மெய்தான். ஆனால் எளிய கேள்விகள் விலகியதால் தேடும் திறன் தானாக வளர்ந்துவிடவில்லை. சாம் வைன்பர்க்கும் சாரா மெக்ரூவும் 2017இல் வெளியிட்ட ஆய்வில் 10 வரலாற்றாசிரியர்கள், 10 தகவல் சரிபார்ப்பாளர்கள், ஸ்டான்ஃபோர்டு மாணவர் 25 பேர் இணையதளங்களை மதிப்பிட்டனர். வரலாற்றாசிரியர்களும் மாணவர்களும் பளபளப்பான தோற்றத்தில் பலமுறை ஏமாந்தனர். சரிபார்ப்பாளர்களோ அந்தத் தளத்தைவிட்டு வெளியேறி, அதைப் பற்றிப் பிறர் என்ன சொல்கிறார்கள் என்று முதலில் பார்த்தனர். செயற்கை நுண்ணறிவு உருவாக்கித் தரும் மேற்கோள் பட்டியலோடு இன்று மாணவர் வருகிறார். எங்குமே வெளிவராத கட்டுரையும் அதில் இருக்கக்கூடும். அந்த ஆய்விதழ் உண்டா, அந்தத் தொகுதியில் அந்தப் பக்கம் எந்தக் கட்டுரைக்கு உரியது, அதே ஆசிரியர் உண்மையில் எழுதியது எது என்று நூலகர் அவரோடு உட்கார்ந்து ஒவ்வொன்றாகச் சரிபார்க்கிறார். அடுத்த மேற்கோளை மாணவர் தாமே சரிபார்க்கத் தொடங்குகிறார்.