முன்னாள் படைவீரர் நல உதவிகள் (கோபிசெட்டிபாளையம் வட்டாரம்)

முன்னாள் படைவீரர் நல உதவிகள் என்பவை இந்தியத் தரைப்படை, கடற்படை, வான்படை ஆகியவற்றில் பணியாற்றி விடுவிக்கப்பட்டோருக்கும் அவர்தம் குடும்பத்தினருக்கும் நடுவண் அரசும் மாநில அரசும் வழங்கும் ஓய்வூதியம், நிதியுதவி, மருத்துவ வசதி, கல்வி உதவி முதலியனவாகும். தமிழ்நாட்டின் ஈரோடு மாவட்டத்தைச் சேர்ந்த கோபிசெட்டிபாளையம் வட்டாரத்தினர் இவற்றைப் பெற ஈரோட்டிலுள்ள மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தை அணுகுகின்றனர். உதவிகள் பலவாக இருப்பினும் அவை விண்ணப்பித்தவருக்கே கிடைக்கும். வறிய குடும்பங்களைப் பொறுத்தவரை, உரிமை உண்டா என்பதைவிட அதனை மெய்ப்பிக்கும் தாள் கையில் உண்டா என்பதே பெரும்பாலும் சிக்கலாக அமைகிறது.

நிர்வாக அமைப்பு

முதலாம் உலகப் போருக்குப்பின் 1919 இல் அமைக்கப்பட்ட இந்தியப் படைவீரர் வாரியமே இன்றைய அமைப்பின் முன்னோடி. அது 1975 இல் கேந்திரிய சைனிக் வாரியம் என்னும் பெயரைப் பெற்றது. பாதுகாப்பு அமைச்சகத்தில் முன்னாள் படைவீரர் நலனுக்கெனத் தனித்துறை 2004 இல் உருவாயிற்று. மாநில அளவில் சென்னையிலுள்ள இயக்குநரகமும், மாவட்ட அளவில் உதவி இயக்குநரின் கீழ் இயங்கும் அலுவலகமும் இப்பணியைச் செய்கின்றன. நிதியின் ஒரு பகுதி 1949 முதல் ஆண்டுதோறும் திசம்பர் 7 அன்று கடைப்பிடிக்கப்படும் கொடி நாள் வசூலில் இருந்து வருகிறது.

ஓய்வூதியம் பெறாதோர்

முன்னாள் படைவீரர் அனைவரும் ஓய்வூதியம் பெறுகின்றனர் என்னும் எண்ணம் பரவலாக உள்ளது. இது சரியன்று. அதிகாரி அல்லாத படைவீரர் ஒருவர் பணி ஓய்வூதியம் பெறக் குறைந்தது 15 ஆண்டுகள் பணியாற்றியிருத்தல் வேண்டும். அதற்கு முன் விடுவிக்கப்பட்டவர்கள் பணிக்கொடையோடு ஊர் திரும்பினர். 2014 சூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த 'ஒரே பதவி ஒரே ஓய்வூதியம்' என்னும் ஏற்பாட்டாலும் இவர்களுக்குப் பயன் இல்லை; அது ஓய்வூதியம் பெறுவோருக்கானது. 2003 இல் தொடங்கப்பட்ட முன்னாள் படைவீரர் பங்களிப்பு மருத்துவத் திட்டமும் இவர்களுள் பெரும்பாலோரைச் சேர்த்துக்கொள்வதில்லை. ஆதலின் மருத்துவத்திற்கு, வருமான வரம்பிற்கு உட்பட்டவர்கள் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தை நாட வேண்டியுள்ளது.

இவ்வகையினருக்கெனக் கேந்திரிய சைனிக் வாரியம் வறுமை நிலை உதவித்தொகை வழங்குகிறது. அவில்தார் தகுதி வரை பணியாற்றி, 65 வயதைக் கடந்து, ஓய்வூதியம் இல்லாத முன்னாள் படைவீரரும் அவர்தம் கைம்பெண்களும் இதற்கு உரியவர்கள். மாதம் 4,000 ரூபாயாக இருந்த இத்தொகை, 2025 நவம்பர் 1 முதல் பெறப்படும் விண்ணப்பங்களுக்கு 8,000 ரூபாயாக உயர்த்தப்பட்டது. அப்போதே பிள்ளைகளின் கல்வி உதவி மாதம் 1,000 ரூபாயிலிருந்து 2,000 ரூபாயாகவும் (இரு பிள்ளைகள் வரை), திருமண உதவி 50,000 ரூபாயிலிருந்து 1,00,000 ரூபாயாகவும் உயர்ந்தன. திருமண உதவி இரு மகள்கள் வரைக்கும், கைம்பெண் மறுமணத்திற்கும் பொருந்தும்.

15 ஆண்டு விதிக்கு முக்கியமான விலக்கு ஒன்று உண்டு. படைப்பணியால் ஏற்பட்ட அல்லது அப்பணியால் கடுமையான ஊனம் அல்லது நோய் காரணமாக விடுவிக்கப்பட்டவர், பணியாண்டுகள் குறைவாயினும் ஊன ஓய்வூதியம் கோரலாம். இது மறுக்கப்பட்டால், 2007 ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அமைந்த படைத்துறைத் தீர்ப்பாயத்தின் சென்னை அமர்வில் முறையிட இயலும்.

ஆவணச் சிக்கல்கள்

விண்ணப்பங்களின் அடித்தளம் படைவிலகல் சான்று ஆகும். ஊர்ப்புறத்தில் இது 'டிஸ்சார்ஜ் புக்' என்றே வழங்குகிறது. ஓட்டு வீட்டு இரும்புப் பெட்டியில் பல்லாண்டுகள் கிடந்த இந்நூல் செல்லரித்துப் போயிருந்தால், வீரர் பணியாற்றிய படைப்பிரிவின் ஆவண அலுவலகத்தை நாட வேண்டும். மெட்ராசு ரெசிமெண்டுக்கு அது நீலகிரியிலுள்ள வெலிங்டனிலும், மெட்ராசு பொறியியல் படைப்பிரிவுக்குப் பெங்களூரிலும் உள்ளது. படை எண் தெரியாமல் தேடுதல் கடினம். வீரர் இறந்தபின் அவ்வெண்ணை அறிந்தவர் வீட்டில் எவரும் இல்லாமற் போவதுண்டு.

பெயர் வேறுபாடு அடுத்த இடர். படை ஆவணங்களில் பெயர்கள் ஆங்கில எழுத்தில், எழுதியவரின் காதுக்கு எட்டியவாறு பதிவாயின. தமிழரின் தலைப்பெழுத்து முறை, குடும்பப் பெயரைக் கேட்கும் படிவங்களுக்குப் பொருந்துவதில்லை. கொங்குப் பகுதியில் பழைய ஆவணத்தில் பெயரோடு ஒட்டிய 'கவுண்டர்' என்னும் பின்னொட்டு ஆதார் அட்டையில் விடுபட்டிருக்கலாம். மனைவியின் பெயர் படை ஆவணத்தில் பதியப்படாமலே வீரர் இறந்திருப்பின் நிலை மேலும் கடினமாகும். அப்போது கைம்பெண் தாம் மனைவி என்பதையே முதலில் மெய்ப்பிக்க வேண்டும். வட்டாட்சியரின் வாரிசுச் சான்று, திருமணச் சான்று, இறப்புச் சான்று ஆகியவை இதற்குத் தேவைப்படும். கணவர் உயிரோடு இருக்கும்போதே பதிவைச் சரிசெய்துகொள்வது எளிது.

மாவட்டப் பிரிவினையும் இங்கே குறிப்பிடத்தக்கது. கோபிசெட்டிபாளையம் 1979 வரை கோயம்புத்தூர் மாவட்டத்தில் இருந்தது. அவ்வாண்டு பெரியார் மாவட்டம் உருவாயிற்று. பின்னர் அது ஈரோடு மாவட்டம் எனப் பெயர் மாற்றப்பட்டது. அதற்கு முன் படையில் சேர்ந்தவரின் சொந்த மாவட்டம் ஆவணத்தில் கோயம்புத்தூர் என்றே காணப்படும். இது பிழையன்று. இன்றைய இருப்பிடத்திற்குரிய ஈரோடு அலுவலகத்திலேயே விண்ணப்பிக்க வேண்டும்.

தொலைவும் ஒரு செலவே. திம்பம் மலைப்பாதையின் 27 கொண்டை ஊசி வளைவுகளுக்கு அப்பாலுள்ள தாளவாடியிலிருந்து ஈரோட்டுக்கு வந்து திரும்பினால், கூலி வேலை செய்யும் பெண்ணுக்கு ஒரு நாள் ஊதியம் போய்விடும். ஒரு சான்று குறைந்தாலும் மறுபடி வர வேண்டும். ஓய்வூதியர் ஆண்டுதோறும் அளிக்க வேண்டிய ஆயுள் சான்றுக்கு மட்டும் இத்தொல்லை குறைந்துள்ளது. 2014 இல் வந்த 'சீவன் பிரமாண்' முறையால் அதனை அருகிலுள்ள பொதுச் சேவை மையத்திலேயே பதியலாம். தேய்ந்த விரல்ரேகை பதியாத முதியோருக்கு முகம் காட்டிப் பதியும் வசதியும் உள்ளது.

சட்ட உதவிக்காகத் தேசியச் சட்டப் பணிகள் ஆணைக்குழு 2025 சூலை 26 அன்று 'வீர் பரிவார் சகாயதா' திட்டத்தைத் தொடங்கியது. படைவீரர் நல அலுவலகங்களிலேயே சட்ட உதவி மையங்களை அமைப்பது இதன் நோக்கம்.

கல்வியும் வேலையும்

2006 இல் தொடங்கிய பிரதமர் கல்வி உதவித்தொகைத் திட்டத்தின்கீழ் தொழிற்கல்வி பயிலும் மாணவியருக்கு மாதம் 3,000 ரூபாயும் மாணவருக்கு 2,500 ரூபாயும் வழங்கப்படுகின்றன. உடுமலைப்பேட்டை அருகே அமராவதிநகரில் 1962 இல் நிறுவப்பட்ட சைனிக் பள்ளியிலும் படைவீரர் பிள்ளைகளுக்கு இட ஒதுக்கீடு உண்டு. மாநில அரசின் டெக்சுகோ நிறுவனம் 1986 முதல் முன்னாள் படைவீரரைக் காவல் பணிகளில் அமர்த்தி வருகிறது. சொந்தத் தொழில் தொடங்குவோருக்கு ஒரு கோடி ரூபாய் வரை வங்கிக் கடனும் 30 விழுக்காடு மூலதன மானியமும் அளிக்கும் 'முதல்வரின் காக்கும் கரங்கள்' திட்டத்தைத் தமிழ்நாடு அரசு 2024 ஆகத்து 15 அன்று அறிவித்தது.

அக்னி வீரர்கள்

2022 இல் கொண்டுவரப்பட்ட அக்னிபத் திட்டத்தில் சேர்வோர் நான்கு ஆண்டுகள் பணியாற்றுவர். அவர்களுள் 25 விழுக்காட்டினர் வரையே நிலையான பணியில் தக்கவைக்கப்படுவர். ஏனையோர் ஏறத்தாழ 11.71 லட்சம் ரூபாய் சேவா நிதியுடன் விடுவிக்கப்படுவர். திட்டம் அறிவிக்கப்பட்டபோது வகுக்கப்பட்ட விதிகளின்படி அவர்களுக்கு ஓய்வூதியமோ, பணிக்கொடையோ, முன்னாள் படைவீரர் என்னும் தகுதியோ இல்லை.