வெண்பட்டும் கருங்கல்லும்: ஒளியை அளந்த கதை

ஃபிலிம் கேமராவைப் புதிதாகக் கையிலெடுக்கும் இளைஞர் முதலில் கேட்பது, எந்த ஒளிமானியை வாங்குவது என்பதே. விடை காண, ஒளியை மனிதர் அளந்த வரலாற்றை ஒருமுறை திரும்பிப் பார்ப்பது நலம்.

1856இல் சென்னை மாகாண அரசின் புகைப்படக்காரராக அமர்த்தப்பட்ட லினேயஸ் டிரைப், 1858இல் மதுரை, தஞ்சைக் கோயில்களைப் படமெடுத்தபோது அவரிடம் ஒளிமானி இல்லை. வானையும் கல்லின் நிழலையும் நோக்கி, பட்டறிவால் காலத்தைக் கணித்தார். 1890இல் இங்கிலாந்தின் ஆல்ஃபிரட் வாட்கின்ஸ் ஒரு கருவிக்குக் காப்புரிமை பெற்றார். ஒளிபட்டால் கறுக்கும் தாள், குறித்த நிறத்தை எட்ட எத்தனை வினாடி ஆகிறதென்று எண்ணுவதே அதன் முறை. 1932இல் அமெரிக்காவின் வெஸ்டன் நிறுவனம் செலீனியக் கலம் கொண்ட மீட்டரை வெளியிட்டது. ஒளி மின்சாரமாகி முள்ளை நகர்த்தியது. எண்ணும் வேலை ஒழிந்தது.

ஆனால் அந்த முள்ளுக்கும் ஓர் அறியாமை உண்டு. பொருளில் பட்டுத் திரும்பும் ஒளியை அளக்கும் மீட்டர், எதிரிலுள்ளது யாதாயினும் அதை நடுத்தரச் சாம்பல் நிறமென்றே கொள்ளும்.

கடலூரை அடுத்த திருவந்திபுரத்தை எண்ணிப் பாருங்கள். முகூர்த்த நாட்களில் தேவநாதசுவாமி கோயிலைச் சுற்றித் திருமணங்கள் வரிசையாய் நடக்கும். வெண்பட்டு வேட்டி சட்டத்தை நிறைத்தால் மீட்டர் ஒளியைக் குறைக்கச் சொல்லும். மாநிற மணமகனின் முகம் இருண்டுபோகும். பின்னே கருங்கல் தூண் நிறைந்தாலோ ஒளியைக் கூட்டச் சொல்லும். கல் சாம்பலாகும், பட்டின் மடிப்புகள் மறையும். பழைய ஆல்பங்களில் முகம் தெரியாத மணமக்கள் இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

இதற்கு மாற்றாக, 1930களின் இறுதியில் டான் நார்வுட் அரைக்கோள வெண்மூடி பொருத்திய மீட்டரை வடிவமைத்தார். அது பொருளின்மேல் விழும் ஒளியை அளக்கிறது. மணமக்கள் அருகே நின்று மூடியைக் கேமராவை நோக்கித் திருப்பினால் போதும். முகத்தின் நிறமும் ஆடையின் நிறமும் அதைக் குழப்புவதில்லை. ஆகவே தொடங்குவோர்க்கு இவ்வகையே ஏற்றது. வெயிலில் நிற்கும் கோபுரத்தை நிழலிலிருந்து எடுக்கும்போது மட்டும் இம்முறை பிழைபடும்; அப்போது வெயிலுக்கு நகர்ந்து அளக்க வேண்டும்.

பழைய மீட்டர் வாங்குவோர் கலத்தின் வகையை அறிதல் வேண்டும். செலீனியத்துக்குப் பாட்டரி வேண்டாம். ஆயினும் முதுமையில் தளரும், மங்கிய ஒளியில் தடுமாறும். 1960களில் பரவிய காட்மியம் சல்ஃபைடு வகையில் பல, 1.35 வோல்ட் பாதரச பாட்டரிக்கென அமைந்தவை. அந்த பாட்டரி இன்று உற்பத்தியில் இல்லை. 1.5 வோல்ட் பாட்டரியை இட்டால் பலவற்றில் அளவு பிசகும். பின்வந்த சிலிக்கன் கலமே நம்பகமானது. செல்பேசிச் செயலிகள் பெரும்பாலும் திரும்பும் ஒளியையே அளப்பதால், வேட்டியின் சிக்கல் அவற்றிலும் தொடர்கிறது. உள்ளங்கையை அதே ஒளியில் நீட்டி அளந்தால் ஓரளவு சமாளிக்கலாம்.

ஊட்டியில் 1960இல் நிறுவப்பட்ட இந்துஸ்தான் ஃபோட்டோ ஃபிலிம்ஸ் மூடப்பட்டுவிட்டது. இன்று ஃபிலிம் பெரும்பாலும் இறக்குமதிச் சரக்கு. ஒரு சுருளின் 36 படங்களுள் ஒவ்வொன்றுக்கும் விலையுண்டு. நம் கல்லும் நம் முகங்களும் உள்ள நிறத்திலேயே பதிய வேண்டுமெனில், விழும் ஒளியை அளக்கப் பழகுவதே முதற்பாடம்.