இலகுவான மேசைகளும் எழுத்தின் எடையும்

கணினித் திரையில் ஒரு பொத்தானை அழுத்துகிறோம். பட்டியல் ஒன்று விரிகிறது. இவற்றை ஒவ்வொரு நிரலரும் தனித்தனியே வரைந்து தருவதில்லை. பொத்தான், பட்டியல், உருள்பட்டை, எழுதும் பெட்டி ஆகியவற்றை ஆயத்தமாக வைத்திருக்கும் நிரல்தொகுப்பிலிருந்து எடுத்தாள்கிறார்கள். அதனை இக்கட்டுரையில் கருவித்தொகுதி என்று அழைப்போம். லினக்ஸ் போன்ற கட்டற்ற இயங்குதளங்களில் மேசைத்தளங்கள் பல உண்டு. பழைய கணினிக்கு எது உகந்தது, எது இலகுவானது என்ற பேச்சு எழும்போதெல்லாம் மேசைத்தளங்களின் பெயர்களே அடிபடுகின்றன. ஆனால் அவற்றின் எடையையும், பல வேளைகளில் அவற்றின் தலைவிதியையும், அடியிலிருக்கும் கருவித்தொகுதியே தீர்மானித்து வந்திருக்கிறது. தமிழில் வாசிக்கும் நமக்கு இந்த வரலாற்றில் தனியானதோர் அக்கறையும் உண்டு.

1984இல் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் எக்ஸ் சாளர அமைப்பு உருவானது. திரையில் வரைவதற்கான வழிகளை அது தந்தது; பொத்தான் எப்படித் தோன்றவேண்டும் என்பதில் தலையிடவில்லை. அந்த வெற்றிடத்தை யூனிக்ஸ் நிறுவனங்களின் கூட்டமைப்பு உருவாக்கிய மோடிஃப் என்னும் கருவித்தொகுதி நிரப்பியது. அது விலைக்குரிய பொருள். முழுமையான கட்டற்ற உரிமம் அதற்குக் கிட்டியது 2012இல்தான். அதற்குள் காலம் அதனைக் கடந்து போயிருந்தது.

பெர்க்லி மாணவர்களான ஸ்பென்சர் கிம்பல், பீட்டர் மாட்டிஸ் இருவரும் 1996இல் கிம்ப் என்னும் படத்தொகுப்பு மென்பொருளின் முதற்பதிப்பை வெளியிட்டபோது, அது மோடிஃபின் மீதே நின்றது. அந்தச் சார்பை விரும்பாமல் தாங்களே ஒரு கருவித்தொகுதியை எழுதினார்கள். கிம்ப் கருவித்தொகுதி என்பதன் சுருக்கமே ஜிடிகே. ஓவியம் தீட்டும் ஒரே மென்பொருளுக்காகப் பிறந்த அது, பின்னர் ஒரு தலைமுறை மென்பொருள்களுக்கு அடித்தளமாயிற்று.

அதே 1996இன் அக்டோபரில் ஜெர்மனியின் டியூபிங்கன் நகர மாணவரான மத்தியாஸ் எட்ரிச், கேடிஈ மேசைத்தளத் திட்டத்தை அறிவித்தார். அவர் தேர்ந்துகொண்டது நார்வேயின் டிரோல்டெக் நிறுவனம் உருவாக்கிய க்யூட். வேலைக்கு அது சிறந்த கருவி. ஆனால் அதன் உரிமம் அன்று கட்டற்ற மென்பொருளின் வரையறைக்குள் அடங்கவில்லை. கட்டற்ற மேசைக்குக் கட்டுண்ட கால்களா என்ற வினா எழுந்தது. அதன் விளைவாக 1997இல் மெக்சிகோவின் மிகேல் தெ இகாசாவும் ஃபெதெரிகோ மேனாவும் ஜிடிகேயின் மீது க்னோம் திட்டத்தைத் தொடங்கினர். 2000இல் க்யூட் ஜிபிஎல் உரிமத்தின் கீழும் வந்தது. வாதத்தின் காரணம் மறைந்தது. ஆனால் இரண்டு முகாம்களும் மறையவில்லை.

இலகுவான மேசைத்தளங்களின் கதை இந்தப் பெரும்பூசலின் ஓரத்தில் நடந்தது. ஒலிவியே ஃபூர்தான் தொடங்கிய எக்ஸ்எஃப்சிஈ, முதலில் எக்ஸ்ஃபார்ம்ஸ் என்னும் சிறிய கருவித்தொகுதியில் அமைந்திருந்தது. பெயரின் முதலிரண்டு எழுத்துக்களும் அதையே குறித்தன. எக்ஸ்ஃபார்ம்ஸ் அன்று திறமூலமாக இல்லாமையால், ரெட்ஹாட் தன் வெளியீட்டில் எக்ஸ்எஃப்சிஈயைச் சேர்க்க மறுத்தது. ஃபூர்தான் முழுவதையும் ஜிடிகேயில் திருப்பி எழுதினார். 1999இல் மூன்றாம் பதிப்பு வந்தது. பெயர் மட்டும் பழைய வீட்டை நினைவுறுத்திக்கொண்டு இன்றுவரை நிற்கிறது.

தைவானின் ஹாங் ஜென் யீ 2006இல் தொடங்கிய எல்எக்ஸ்டிஈ, ஜிடிகேயின் இரண்டாம் பதிப்பை நம்பி எழுந்தது. மூன்றாம் பதிப்பு 2011இல் வந்தபோது இலகுத்தன்மையை விரும்பியவர்கள் தயங்கினர். ஜிடிகே 3க்கு மாறினாலும் நினைவகத் தேவை கூடவே செய்யும், அவ்வாறெனில் க்யூட்டுக்கே மாறலாம் என்று யீ எண்ணினார். 2013இல் ரேசர்-க்யூட் குழுவுடன் இணைவது முடிவாயிற்று. 2014இல் எல்எக்ஸ்க்யூட் வெளிவந்தது. கனமானது என்று ஒருகாலத்தில் ஒதுக்கப்பட்ட க்யூட்டின் மேல் இலகுவான மேசை நின்றது. எக்ஸ்எஃப்சிஈ வேறு வழியில் சென்றது. மெதுவாகப் பகுதி பகுதியாக மாற்றி, 2019இல் தன் 4.14 பதிப்பில் ஜிடிகே 3க்கு நகர்ந்து முடித்தது.

இரண்டையும் ஒப்பிடுகையில் ஒன்றை மறக்கலாகாது. கருவித்தொகுதி ஒருமுறை நினைவகத்தில் ஏறிவிட்டால், அதனைப் பயன்படுத்தும் மென்பொருள்கள் அனைத்தும் அதைப் பகிர்ந்துகொள்கின்றன. ஜிடிகே மேசையில் க்யூட் மென்பொருளைத் திறந்தால் இரண்டும் ஏறவேண்டும். ஆகவே மேசையின் இலகு, அதில் நாம் அன்றாடம் திறக்கும் மென்பொருள்களைப் பொறுத்தது.

இனி நமது அக்கறைக்கு வருவோம். ஒருங்குறியில் 'கெ' என்பது முதலில் ககரமும் பின்னர் ஒற்றைக்கொம்புமாகச் சேமிக்கப்படுகிறது. திரையிலோ கொம்பு முன்னே வரவேண்டும். 'கொ' எனில் ஒரே குறி இரண்டாகப் பிரிந்து, கொம்பு முன்னும் துணைக்கால் பின்னும் அமையவேண்டும். இதை அறியாத கருவித்தொகுதி, சேமித்த வரிசையிலேயே எழுத்துக்களை அடுக்கிவிடும். கொம்புகள் இடம்மாறிக் கிடந்த திரைகளை நம்மில் பலர் கண்டிருக்கிறோம். தகுதரம் போன்ற பழைய குறியேற்றங்கள், எழுதும் வரிசையிலேயே எழுத்துக்களைச் சேமித்து இச்சிக்கலைத் தவிர்த்தன. உரிய எழுத்துரு இருந்தால் போதும். ஒருங்குறி வந்தபோது அந்தப் பணி கருவித்தொகுதியின் தோளில் ஏறியது.

ஜிடிகேயில் அதனைச் சுமந்தது பாங்கோ என்னும் நூலகம். 'எல்லாம்' எனப் பொருள்படும் கிரேக்கச் சொல்லும், 'மொழி' எனப் பொருள்படும் ஜப்பானியச் சொல்லும் கூடியது அப்பெயர். 2002இல் வந்த ஜிடிகே 2 அதனைத் தன்னுள் கொண்டிருந்தது. க்யூட் தனக்கென ஒரு பொறியை வைத்திருந்தது. பின்னர் இரு முகாம்களும் ஹார்ஃப்பஸ் என்னும் ஒரே எழுத்தொழுங்குப் பொறியை ஏற்றன. இதுவும் பாரசீகத்தில் 'எழுத்து', 'திறந்த' என்னும் சொற்களிலிருந்து வந்த பெயரே. உரிமத்தால் பிரிந்தவர்கள் எழுத்தால் ஒன்றுபட்டார்கள்.

பாங்கோ வந்த காலத்தில் அதனை வேண்டாத சுமை என்று குறைகூறியவர்கள் உண்டு. ஆங்கிலம் மட்டும் எழுதுபவருக்கு அது சுமையாகவே பட்டிருக்கும். நமக்கு அதுவே வாசிப்பு. எக்ஸ்எஃப்சிஈயின் பழைய பதிப்புகள் இன்னும் சிறியவை. ஆனால் ஜிடிகே 2இன் மீது 2003இல் வந்த 4.0 பதிப்பிலேதான் பாங்கோவின் பயன் அதற்குக் கிட்டியது. மிகச் சிறிய கருவித்தொகுதிகளுள் ஒன்றான எஃப்எல்டிகே, 2011இல் ஒருங்குறியை ஏற்றும் இந்த ஒழுங்குபடுத்தலை ஏற்கவில்லை. 2024இல் வந்த 1.4 பதிப்பில் அதுவும் பாங்கோவின் துணையைக் கொள்ள இடமளித்தது.

ஆகவே நினைவக அளவுகளை வரிசைப்படுத்தி இலகுவைத் தீர்மானிக்கும் பட்டியல்களை நாம் சற்று நிதானித்தே படிக்கவேண்டும். ஒரு மேசைத்தளம் எத்தனை மெகாபைட் கேட்கிறது என்பதோடு, எதை விட்டுவிட்டு அந்த அளவை எட்டியது என்றும் கேட்கவேண்டும். விடப்பட்டது வெறும் அலங்காரமாயின் நமக்கு இழப்பில்லை. விடப்பட்டது ஒற்றைக்கொம்பின் இடமாயின், அந்த மேசையில் தமிழ்நூல் ஒன்றைப் பிரித்து வைக்க முடியாது.