ஆலைச் சட்டமும் சமூகப் பணிப் படிப்பும்

இந்தியாவில் பயிற்சி பெற்ற சமூகப் பணியாளருக்கான கிராக்கி வறுமையின் அளவைப் பின்பற்றி வளரவில்லை. யாரை எத்தகுதியோடு நியமிக்க வேண்டும் என்று சட்டம் எங்கெல்லாம் கட்டளையிட்டதோ, அங்கு மட்டுமே வளர்ந்தது. ஒரு பணிக்கு ஆட்கள் தேவைப்படுவது வேறு, அவர்களுக்கு ஊதியம் தர ஒருவர் முன்வருவது வேறு என்ற உண்மையை இந்தத் துறையின் வரலாறு துலக்கமாகக் காட்டுகிறது.

பம்பாயின் நெரிசல் மிகுந்த நாக்பாடாப் பகுதியில், ஏழை மக்களிடையே தங்கிக் கல்வியும் உடல்நலமும் வளர்க்கும் சமூக இல்லம் ஒன்றை நடத்திவந்த அமெரிக்க மறைப்பணியாளர் கிளிஃபோர்டு மேன்ஷார்ட், டாடா அறக்கட்டளையின் பொருளுதவியோடு 1936-இல் நாட்டின் முதல் சமூகப் பணிப் பள்ளியைத் தொடங்கினார். வகுப்பறைப் பாடத்தோடு களப்பயிற்சியையும், அதாவது மருத்துவமனை, குடியிருப்பு போன்ற இடங்களில் மேற்பார்வையின்கீழ் பணிபுரிவதையும் அது கட்டாயமாக்கியது. 1941-இல் அதன் தலைமையை ஏற்றவர், காந்தியப் பொருளியலறிஞர் ஜே.சி. குமரப்பாவின் உடன்பிறந்தவரான ஜே.எம். குமரப்பா. அவர் காலத்திலேயே, 1944-இல், அது டாடா சமூக அறிவியல் நிறுவனம் என்று பெயர் பெற்றது.

சேரிகளின் துயரிலிருந்து பிறந்த அந்தப் படிப்புக்கு நிலையான வேலைவாய்ப்பைத் தந்தது தொழிற்சாலையே. 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டத்தின் 49-ஆம் பிரிவு, 500 அல்லது அதற்கு மேற்பட்ட தொழிலாளர் உள்ள ஒவ்வோர் ஆலையிலும் நல அலுவலர் இருக்க வேண்டும் என்றது. மாநில விதிகள் பல, அவர் சமூக அறிவியலிலோ சமூகப் பணியிலோ பட்டமோ பட்டயமோ பெற்றவராகவும் தொழிலாளரின் மொழி அறிந்தவராகவும் இருக்க வேண்டும் என்றன. உணவகம், குழந்தைகள் காப்பகம், ஓய்வறை ஆகியவற்றைக் கவனிப்பதும், தொழிலாளரின் குறைகளை நிர்வாகத்திடம் எடுத்துச் சொல்வதும் அவர் கடமைகள். முதலாளியிடம் சம்பளம் வாங்கித் தொழிலாளருக்காகப் பேச வேண்டிய இந்த இக்கட்டான நிலையை உணர்ந்துதான், ஒழுங்கு நடவடிக்கைகளில் நிர்வாகத்தின் சார்பில் அவர் ஈடுபடக் கூடாது என்ற விதியும் பின்னர் வந்தது. சென்னையில் 1952-இல் மேரி கிளப்வாலா ஜாதவின் முயற்சியால் சமூகப் பணிப் பள்ளி தோன்றியபோது இந்தச் சந்தை உருவாகியிருந்தது. தொழிலாளர் நலமும் பணியாளர் மேலாண்மையும் நாடெங்கும் மாணவர் பெரிதும் நாடும் சிறப்புப் பாடங்களாயின. பிழைப்பு தேடிய மாணவரைக் குறைகூற இதில் ஏதுமில்லை.

கிராமம் இந்தக் கணக்கில் சேரவே இல்லை. அதே 1952-இல் தொடங்கிய சமுதாய வளர்ச்சித் திட்டம், வேளாண்மையை முதன்மையாகக் கொண்டு தனியே பயிற்றுவிக்கப்பட்ட கிராம சேவகர்களை நியமித்தது. 1975-இல் 33 வட்டாரங்களில் தொடங்கிய ஒருங்கிணைந்த குழந்தைகள் வளர்ச்சித் திட்டம், ஊதியம் என்று கூட அழைக்கப்படாத மதிப்பூதியத்துக்கு உள்ளூர்ப் பெண்களை அங்கன்வாடிப் பணியாளர்களாக ஏற்றது. தாயையும் சேயையும் வீடுதேடிச் சென்று கண்ட அந்தப் பெண்களின் உழைப்புக்கு நாடு இன்னும் உரிய விலை தரவில்லை.

சட்டம் சமூகப் பணியாளரைப் பெயர் சொல்லிக் குறிப்பிட்ட இடத்திலும் படித்தவருக்கு உறுதி கிடைக்கவில்லை. 2015-ஆம் ஆண்டின் சிறார் நீதிச் சட்டப்படி, சிறார் நீதிக் குழுமத்தில் நீதித்துறை நடுவரோடு இரு சமூகப் பணியாளர்கள் அமர்கின்றனர். அவர்கள் குழந்தைகள் நலப் பணியில் 7 ஆண்டுகள் ஈடுபட்டவராகவோ, குழந்தை உளவியல், மனநல மருத்துவம், சமூகவியல், சட்டம் ஆகியவற்றுள் ஒன்றில் பட்டம் பெற்றுத் தொழில்புரிபவராகவோ இருக்க வேண்டும். அந்தப் பட்டங்களின் வரிசையில் சமூகப் பணி இல்லை. இதற்கு நேர்மாறாக, 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், மனநலச் சமூகப் பணியாளர் முதுகலைப் பட்டத்துக்கு மேல் ஈராண்டு எம்.ஃபில். பயிற்சியும் பெற்றிருக்க வேண்டும் என்று வரையறுத்தது. அந்தப் பயிற்சியைத் தருபவையோ பெங்களூரின் நிம்ஹான்ஸ் போன்ற மிகச் சில நிறுவனங்களே. 2022-இல் பல்கலைக்கழக மானியக் குழு எம்.ஃபில். பட்டத்தையே கைவிட்டபோது, இந்தப் படிப்புக்கு 2025-26 கல்வியாண்டு வரை விலக்களிக்க வேண்டியதாயிற்று.