முத்திரை, சனது, டிஜிட்டல் சான்றிதழ்



வேற்று நாட்டு மன்னர்கள் முத்திரையில்லாத கடிதத்தை வாசிக்கமாட்டார்கள் என்று சொல்லப்பட்டபோது, நபி (ஸல்) அவர்கள் வெள்ளி மோதிரமொன்றில் ‘முஹம்மத் ரஸூலுல்லாஹ்’ எனப் பொறிக்கச் செய்தார்கள். அந்த மோதிரம் உஸ்மான் (ரழி) அவர்களின் காலத்தில் அரீஸ் கிணற்றில் விழுந்தது. மூன்று நாள் தேடியும் கிடைக்கவில்லை. நமது நல்லூரை ஆண்ட ஆரியச்சக்கரவர்த்திகளும் நாணயத்தில் ‘சேது’ என்று பொறித்தார்கள். யாருடையது என்று பார்த்தவுடன் தெரியவேண்டும், அவ்வளவுதான்.

இணையத்தில் அந்த வேலையைச் செய்வது டிஜிட்டல் சான்றிதழ். 1976இல் டிஃபி, ஹெல்மன் இருவரும் இரகசியத் திறப்பு, பகிரங்கத் திறப்பு என்ற சோடி முறையை வெளியிட்டார்கள். இந்தப் பகிரங்கத் திறப்பு இன்னாருடையதுதான் என்று யார் சொல்வது? அதற்கு நம்பகமான ஒருவர் ஒப்பமிட்ட சான்றிதழ் போதும் என 1978இல் கோன்ஃபெல்டர் என்ற மாணவர் தனது பட்ட ஆய்வில் எழுதினார்.

ஹதீஸ் படித்தவர்களுக்கு இது புதிதல்ல. அறிவிப்பாளர் வரிசையில் ஒருவர் பலவீனமானால் சனதே பலவீனம். 2011இல் ஹொலண்டின் டிஜிநோட்டார் நிறுவனத்துக்குள் ஊடுருவியவர்கள் கூகுள் பெயரில் போலிச் சான்றிதழ் எடுத்தார்கள். அதைக் கொண்டு ஈரானில் பலரின் மின்னஞ்சல் ஒட்டுக்கேட்கப்பட்டது. உலாவிகள் டிஜிநோட்டாரைப் பட்டியலிலிருந்து நீக்கின. அந்த ஆண்டே அது வங்குரோத்தானது. அந்த நம்பிக்கைப் பட்டியலை வைத்திருப்பவர்கள் மொசில்லா, அப்பிள், கூகுள், மைக்ரோசொப்ட் போன்றோர். சிறிய நாடொன்றின் சான்று வழங்குநர் அதில் இல்லையென்றால், உள்நாட்டில் செல்லும் ஒப்பம் வெளிநாட்டுத் திரையில் ‘தெரியாதவர்’ என்றே காட்டும்.

நமது நாட்டில் 2006ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க இலத்திரனியல் கொடுக்கல் வாங்கல் சட்டம் இலத்திரனியல் ஒப்பத்துக்கு அங்கீகாரம் தந்தது. லங்காகிளியர் நிறுவனம் ‘லங்காசைன்’ மூலம் சான்றிதழ் வழங்கத் தொடங்கியது. பயன் கண்டவை பெரும்பாலும் வங்கிகள். 2015இல் இலங்கை ஐ.நா. இலத்திரனியல் தொடர்பாடல் சமவாயத்தையும் ஏற்றது. சட்டம் எல்லை தாண்டியது; சாதாரண குடும்பத்தின் கைக்கு ஒப்பம் இன்னும் வந்து சேரவில்லை.

நம்மவர்களுக்கு இது வெறும் தொழினுட்பக் கதையல்ல. 1990 ஒக்ரோபர் 30 அன்று இரண்டு மணித்தியால அவகாசத்தில் யாழ்ப்பாணத்தை விட்டு வெளியேற்றப்பட்டபோது எத்தனையோ பேரின் காணி உறுதியும் பிறப்பு அத்தாட்சிப்பத்திரமும் வீட்டிலேயே கிடந்தன. புத்தளத்தில் ‘நீங்கள் யார்?’ என்ற கேள்விக்கு மனிதச் சாட்சிதான் பதில். பேரப்பிள்ளைகள் இன்று லண்டனிலும் கட்டாரிலும் அதே கேள்வியைத் திரையில் சந்திக்கிறார்கள்.

ஒன்றைக் கவனியுங்கள். டிஜிட்டல் ஒப்பம் சொல்வது இரண்டே விடயம்: யார் ஒப்பமிட்டார், பிறகு எழுத்து மாறவில்லை. உள்ளே எழுதியது உண்மையா என்பதை அது சொல்லாது; அது பதிவேட்டில்தான் இருக்கிறது. ஆகவே உத்தேச வயதுச் சான்றிதழோடு காலந்தள்ளும் மூத்தவர்கள் வீட்டிலிருந்தால், பெயர் எழுத்துப் பிழைகளையும் சேர்த்து, அவர்களின் பதிவைப் பிரதேச செயலகத்தில் இப்போதே தேடிப் பாருங்கள். சாட்சி சொல்லக்கூடியவர்கள் இன்னும் நம்மோடு இருக்கிறார்கள்.