மார்கழிப் பனியும் அவரைக்காயும் - ஒரு சிறு வரலாறு

மார்கழி என்றால் எல்லோருக்கும் கோலமும் பொங்கலும் ஞாபகம் வரும். எங்கள் பேரிகைக்காரர்களுக்கு முதலில் ஞாபகம் வருவது அவரைக்காய் வாசனைதான். இந்தக் கட்டுரையில் அந்த அவரையின் வரலாற்றைப் பார்ப்போம். கூடவே பாட்டி சொன்ன சில பனிக்கால யோசனைகளும் உண்டு.

ஓசூர், பேரிகை பகுதி கடல் மட்டத்திலிருந்து சுமார் 900 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. மார்கழி இரவுகளில் குளிர் 15 டிகிரிக்குக் கீழே இறங்குவதும் உண்டு. ஆடியில் கேழ்வரகு விதைக்கும்போது சில சால்களுக்கு ஒரு சால் அவரை போடுவது எங்கள் ஊர் வழக்கம். கன்னடத்தில் இதை "அக்கடி சாலு" என்பார்கள். கேழ்வரகை அறுத்த பிறகு வயலில் அவரை மட்டும் நிற்கும். மழை நின்று போயிருக்கும். மண்ணில் மிச்சமிருக்கும் ஈரத்திலும் பனியிலுமே அது காய்க்கும்.

ஏன் மார்கழியில் மட்டும் காய்க்கிறது? நாட்டு அவரை பகல் குறைந்தால்தான் பூக்கும். நம் பகுதியில் ஜூன் 21-க்கும் டிசம்பர் 21-க்கும் பகல் நேர வித்தியாசம் சுமார் ஒன்றரை மணி நேரம்தான். அந்தச் சின்ன வித்தியாசத்தைக்கூட இந்தச் செடி கண்டுபிடித்துவிடுகிறது!

எங்கிருந்து வந்தது?

கேழ்வரகின் தாயகம் கிழக்கு ஆப்பிரிக்க மேட்டு நிலம். அவரையின் காட்டு மூதாதையும் ஆப்பிரிக்காவைச் சேர்ந்தது என்றே பெரும்பாலான ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். கர்நாடகத்தின் புதிய கற்கால ஊர்களில் நடந்த அகழாய்வுகளில் கருகிய அவரை விதைகள் கிடைத்துள்ளன. அதாவது கி.மு. இரண்டாம் ஆயிரமாண்டிலேயே தென்னிந்தியர்கள் அவரை சாப்பிட்டிருக்கிறார்கள். கடல் கடந்து வந்த இரண்டு பயிர்கள் எங்கள் வயலில் பக்கத்துப் பக்கத்துச் சாலில் நிற்பது ஆச்சரியம்தானே!

பெங்களூரு என்ற பெயருக்கே அவரையைக் காரணம் காட்டும் ஒரு கதை உண்டு. ஹொய்சள மன்னன் வீர வல்லாளன் வேட்டைக்குப் போய் வழி தவறினானாம். ஒரு கிழவி வேகவைத்த பயறு கொடுத்துப் பசியாற்றினாளாம். அதனால் "பெந்த காளூரு" என்று பெயர் வந்ததாம். கதை நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் வரலாறு ஒத்துக்கொள்ளவில்லை. இரண்டாம் வீர வல்லாளன் ஆண்டது 1173 முதல் 1220 வரை. பேகூர் கோயிலில் உள்ள கங்கர் காலத்து வீரக்கல்லோ சுமார் கி.பி. 890-லேயே "பெங்களூரு" என்ற பெயரைச் சொல்லிவிட்டது. ஆனாலும் மக்கள் இந்தக் கதையை விடவில்லை. பயறு இந்த ஊர்களில் எவ்வளவு முக்கியம் என்பதற்கு அதுவே சாட்சி.

இன்னொரு சாட்சி எங்கள் சமையலறை. ஊறவைத்த அவரைக் கொட்டையைப் பிதுக்கித் தோலை எடுத்தால் பிதுக்கம்பருப்பு. கன்னடக்காரர்கள் "ஹிதகவரே" என்கிறார்கள். தெலுங்கில் "பிதிக்கபப்பு". மூன்று மொழியிலும் பிதுக்குவதை வைத்துத்தான் பெயர்! களிக்கு இந்தக் குழம்பை மிஞ்ச எதுவும் இல்லை.

பாட்டியின் யோசனைகள்

* மாலையில் தண்ணீர் விடக்கூடாது. பனியும் சேர்ந்தால் பூசணம் வரும். காலையில் விட வேண்டும்.
* மேகமூட்டம் இருந்தால் அசுவினி ஏறும். இலையில் ஈரம் இருக்கும்போதே அடுப்புச் சாம்பல் தூவ வேண்டும். அதிகமானால் வேப்பெண்ணெயைச் சோப்புத் தண்ணீரில் கலந்து தெளிக்கலாம்.
* காயைப் பனியோடு பறித்தால்தான் மணம். கையில் பிசுக்கென்று ஒட்டும் எண்ணெய்ப்பசைதான் அந்த மணத்துக்குக் காரணம். கன்னடத்தில் அதற்கு "சொகடு" என்று பெயர்.
* முதலில் காய்த்த நல்ல காய்களை விதைக்கு விட்டுவிட வேண்டும். மாசி வெயிலில் காயவைத்து, சாம்பல் கலந்து, மண்பானையில் வைத்து வாயை மூட வேண்டும்.

பானை காலியானபோது

பெங்களூரு வேளாண் பல்கலைக்கழகம் 1964-ல் தொடங்கப்பட்டது. பகல் நீளத்தைப் பார்க்காமல் எந்த மாதத்திலும் காய்க்கும் ஹெப்பாள் அவரை ரகங்களை அது உருவாக்கியது. விவசாயிக்கு வருடம் முழுக்க வருமானம் கிடைக்க இது ஒரு வழி. அதைக் குறை சொல்ல முடியாது. எங்கள் வீட்டிலும் அதைத்தான் விதைத்தோம். இதற்கிடையில் சுற்றிலும் பல கேழ்வரகு நிலங்கள் ரோஜா, குடைமிளகாய் வளர்க்கும் பசுமைக்குடில்களாகவும் கம்பெனிகளாகவும் மாறின. மூன்று ஆடி மாதங்கள் நாட்டு அவரையை நாங்கள் விதைக்கவே இல்லை.

நான்காம் வருடம் பாட்டி பானையைத் திறந்தார். விதை முழுக்க வண்டு துளைத்திருந்தது. மிச்சத்தை ஊன்றினோம். ஒன்றுகூட முளைக்கவில்லை. பாட்டி யாரையும் திட்டவில்லை. "நம்ம விதை போச்சுடா" என்று மட்டும் சொன்னார்.

கடைசியில் எல்லை தாண்டி மாஸ்தி பக்கத்தில் இருக்கும் சொந்தக்காரர் வீட்டிலிருந்து அரைப்படி விதை வாங்கி வந்தோம். இந்த மார்கழியில் அது காய்த்திருக்கிறது. பாட்டி ஒரு காயை முகர்ந்து பார்த்துவிட்டு, "இதுதான்" என்றார்.

கல்வெட்டு ஆயிரம் வருடம் மழையில் நின்றாலும் படிக்கலாம். விதை அப்படி இல்லை. வருடா வருடம் விதைத்தால்தான் அடுத்த வருடத்துக்கு இருக்கும். உங்கள் வீட்டுப் பானையில் நாட்டு விதை இருந்தால், வருகிற ஆடியில் வேலியோரம் நாலாவது ஊன்றி விடுங்கள்.